மின்படகின் பேட்டரிகளை இணைப்பதும் சார்ஜ் செய்வதும்: புதியவர்களுக்கு

மின்மோட்டார் வைத்த சிறு படகு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். பதிலில் பாதி பேட்டரியில் இருக்கிறது, மீதி ஓட்டுபவரின் கையில்.

எடுத்துக்காட்டுக்கு, ஏரியிலும் காயலிலும் ஓடும் ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் நான்கை சீரிஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு சேர்த்து, இணைத்திருக்கிறோம். சுருக்கமாக 48 வோல்ட் அமைப்பு.

படி 1: இருப்பைக் கணக்கிடுங்கள்

12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் இந்த வகை பேட்டரி உண்மையில் 12.8 வோல்ட். நான்கும் சேர்ந்து 51.2. அதை 100 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 5,120 வாட்-மணி, அதாவது ஈபி பில் கணக்கில் ஐந்து யூனிட் சொச்சம். அதில் நான்கு யூனிட்டைத்தான் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மீதி, எதிர்காற்று அடித்தால் கரை சேர. ஒப்பிட்டுப் பார்க்க: கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 75 பேர் படகான 'ஆதித்யா'வின் பேட்டரி 50 யூனிட், கூரையில் 20 கிலோவாட் சோலார்.

இப்போது வேகம். இத்தகைய படகில் வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் மின்செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 6 கிலோமீட்டர் வேகத்துக்கு 1 கிலோவாட் இழுக்கிறது என்றால் நான்கு மணி நேரம் ஓடலாம், 24 கிலோமீட்டர். 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இரண்டே மணி நேரம், 15 கிலோமீட்டர். கூடுதல் பேட்டரி வாங்கும் முன் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், காசு மிச்சம்.

படி 2: இணைக்கும் முன் சமப்படுத்துங்கள்

பலர் தவறவிடும் இடம் இதுதான். கடையிலிருந்து வரும் நான்கு பேட்டரிகளும் ஒரே அளவு சார்ஜில் இருக்காது. அப்படியே சீரிஸில் கட்டினால், குறைவாக இருப்பது முதலில் காலியாகி, அதன் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மற்ற மூன்றிலும் இருப்பு இருந்தும் நடுநீரில் மோட்டார் நின்றுபோகும். சார்ஜ் ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்: ஒன்று முதலில் நிறைந்து துண்டிக்க, மற்றவை நிறையாமலே நிற்கும்.

அதனால் ஒவ்வொன்றையும் 12 வோல்ட் லித்தியம் சார்ஜரால் தனித்தனியாக முழுக்க ஏற்றுங்கள். நான்கின் வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை மீட்டரில் உறுதி செய்த பிறகு, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பேரலலில் ஓர் இரவு விடுங்கள். அப்புறம் அதைப் பிரித்து சீரிஸில் கட்டுங்கள். வாங்கும்போதே, நான்கு வரை சீரிஸில் இணைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளவும். எல்லா மாடலுக்கும் அந்த அனுமதி கிடையாது. வேலை செய்யும்போது கையில் மோதிரம், காப்பு வேண்டாம்.

இன்னொன்று. விளக்குக்கு 12 வோல்ட் தேவை என்று நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள். பட்ட பாடெல்லாம் வீணாகி, சமநிலை சில வாரங்களில் கெட்டுவிடும். 48-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போடுங்கள்.

படி 3: பியூஸ்

பிளஸ் முனைக்கு மிக அருகில், டி.சி.க்கென்றே செய்த பியூஸ் வேண்டும். வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கான எம்.சி.பி. (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இங்கே உதவாது; டி.சி. தீப்பொறியை அதனால் அணைக்க முடியாமல் போகலாம்.

படி 4: வோல்டேஜை நம்பாதீர்கள்

இந்த பேட்டரியின் வோல்டேஜ், முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் பெரிதாக மாறாது. வோல்ட் மீட்டர் "நிறைய இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சட்டென்று கைவிடும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்றை மைனஸ் பக்கம் பொருத்துங்கள். மோட்டார், சார்ஜர், சோலார் என எல்லாவற்றின் மைனஸும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்று விலகினாலும் கணக்கு பொய்.

படி 5: கரையில் சார்ஜ்

48 வோல்ட் லித்தியம் சார்ஜரே வேண்டும். உச்ச வரம்பு 58.4 வோல்ட், 57.6-லேயே நிறுத்தினால் பேட்டரிக்கு நல்லது. 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் 80 சதவீதம் ஏற்ற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் பெரிய 15 ஆம்பியர் பிளக்கில் செருகுங்கள். பழைய லெட்-ஆசிட் சார்ஜரின் ஈக்வலைஸ் முறையை (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் கொடுப்பது) கிட்டேயே சேர்க்காதீர்கள்.

தினமும் நிரப்பத் தேவையில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுக்க ஏற்றி, ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள். செல்களை பி.எம்.எஸ். சமப்படுத்துவது பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான். ஷண்டும் அப்போதுதான் தன் கணக்கை 100-க்குத் திருத்திக்கொள்ளும்.

படி 6: சோலார்

400 வாட் பேனல் இரண்டை சீரிஸில் போட்டு எம்.பி.பி.டி. கன்ட்ரோலரோடு (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுத்து பேட்டரிக்குத் தரும் கருவி) இணைத்தால், நல்ல வெயில் நாளில் இரண்டரை, மூன்று யூனிட் எதிர்பார்க்கலாம். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு பேனல்மேல் விழுந்தாலும் வரவு நன்றாகவே குறையும்.

படி 7: ஓட்டாத மாதங்களில்

மழைக்காலத்தில் படகைக் கரையேற்றினால் 50, 60 சதவீதத்தில் வைத்து மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். லெட்-ஆசிட் என்றால் நேர்மாறு: முழுக்க ஏற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடுகளில் சல்பேட் படியும். மாதம் ஒருமுறை லக்குகளை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையங்கள்) பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து வாசலின் தடவவும். ஓட்டி நிறுத்தியதும் ஏதாவது ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் அங்கே நட்டு தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு முறுக்குங்கள். படகில் ஒரு துடுப்பு எப்போதும் கிடக்கட்டும்.