பழைய எனாமல் பதக்கக் கடிகாரம்: வாங்கும் முன் பரிசோதிப்பது எப்படி?

சங்கிலியிலோ ப்ரூச்சிலோ தொங்கும் சின்னக் கடிகாரம். பின்மூடியில் எனாமலில் ஒரு தட்டாரப்பூச்சியோ ஐரிஸ் பூவோ, ஓரத்தில் அரை முத்துகள், நடுவில் ரோஸ் கட் (அடி தட்டையாக, மேலே முகங்கள் வெட்டிய) வைரம். 1890 முதல் 1910 வரை சுவிட்சர்லாந்தில் பெண்களுக்காக இவை நிறையவே செய்யப்பட்டன. கையில் வாங்கியதும் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்க்கத் தோன்றும். அதைக் கடைசியில் பாருங்கள். நின்ற இயந்திரத்தைப் பெரும்பாலும் ஓடவைத்துவிடலாம், உதிர்ந்த எனாமலைப் பழையபடி கொண்டுவருவது மிகக் கடினம்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), டார்ச், மென்மையான தூரிகை, பருத்தித் துணி. மேசைமேல் மெத்தென்ற துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

1. எனாமல். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மூடியை மெல்லத் திருப்புங்கள். எனாமல் என்பது உலோகத்தின்மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கிய கண்ணாடி. அதனால் மேற்பரப்பு முழுக்க ஒரே பளபளப்பு இருக்க வேண்டும். ஓரிடம் மட்டும் மங்கலாகவோ லேசாகப் புடைத்தோ நிறம் ஒட்டாமலோ தெரிந்தால், அது ரெசின் (செயற்கைப் பிசின்) பூசி மறைத்த பழுது. மறுபடி சூளையில் வைத்தால் கற்களைக் கழற்ற வேண்டும், பற்றவைத்த இடங்களும் பிரிந்துபோகலாம். அதனால்தான் பலரும் ரெசினோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீல் அருகிலும் ஓரத்திலும் கூடுதல் நேரம் பாருங்கள், சில்லு பெயர்வது அங்கேதான். மயிரிழை விரிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

2. கற்கள். தூரிகை நுனியால் ஒவ்வொன்றையும் மெல்லத் தொடுங்கள். ஆடினால் அதைப் பிடிக்கும் உலோகக் கொக்கி தேய்ந்திருக்கிறது. முத்துகளில் ஒன்று மட்டும் அதிக வெள்ளையாக இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம்.

3. திறப்பது. விளிம்பில் நகம் நுழையச் சின்ன உதடு இருக்கும். அங்கே மட்டும் நெம்புங்கள். எனாமலின் நடுவில் கட்டைவிரலை அழுத்தாதீர்கள். உலோகம் வளையும், கண்ணாடி வளையாது, விரிசல் விழும்.

4. முத்திரை. மூடியின் உள்பக்கம் பாருங்கள். 1880-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய சுவிஸ் முத்திரைகளில் ஹெல்வெட்டியா (சுவிட்சர்லாந்தின் உருவகப் பெண்) தலை 18 காரட் தங்கத்தையும் அணில் 14 காரட்டையும் குறிக்கும்.

5. இயந்திரம். உள்மூடியில் பிரெஞ்சில் "சிலிண்டர், 10 ரூபி" என்ற பொருளில் எழுதியிருந்தால் அது சிலிண்டர் எஸ்கேப்மென்ட் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவித்து ஓட்டத்தைச் சீராக்கும் பாகத்தின் பழைய வகை). சிலிண்டர் தேய்ந்துபோனால் மாற்றுப் பாகம் கிடைப்பது சிரமம். லீவர் வகை எஸ்கேப்மென்ட் அதைவிட நம்பகமானது. குமிழைத் திருகி இரண்டு மூன்று அரைச்சுற்று மட்டும் சாவி கொடுங்கள். முன்னும் பின்னும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம் தள்ளாடாமல் சீராக ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும்.

முள்ளைத் திருப்பக் குமிழை வெளியே இழுக்காதீர்கள். பல கடிகாரங்களில் குமிழுக்குப் பக்கத்தில் ஊசித்தலை போல ஒரு பொத்தான் இருக்கும். அதை நகத்தால் அழுத்திப் பிடித்தபடி குமிழைத் திருப்ப வேண்டும். தெரியாமல் இழுப்பவர்கள் குமிழோடு சேர்ந்த தண்டையே பிடுங்கிவிடுகிறார்கள்.

6. சுத்தம். உலர்ந்த தூரிகை போதும். வெள்ளி தேய்ப்பதுபோல் விபூதியோ பற்பசையோ போட்டால் எனாமலின் பளபளப்பு போய்விடும். தண்ணீரில் முக்கினால் கல்லுக்கு அடியில் வைத்த தகடு கறுக்கும், முத்தின் பசை விடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, இயந்திரத்தைக் கழற்றி அதை மட்டும் கழுவச் சொல்லுங்கள். எனாமல் கூட்டை அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும்) தொட்டியில் போடக் கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.