பிரேக்கர்ல கேஸ் எப்ப பழைய தெம்புக்கு வருது? கணக்கு போடுற வழி

245 கேவி எஸ்எஃப்6 சர்க்யூட் பிரேக்கர் ஒண்ணு எடுத்துக்குவோம், கான்டாக்ட் பிரியறப்ப வர்ற ஆர்க்க சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு கேஸ் ஊதி அணைக்கிற சுவிட்ச் அது. கரன்ட் ஜீரோவ தொட்டுச்சு, ஆர்க் அணைஞ்சுதுன்னு நிம்மதியா உக்கார முடியாது, அந்த நொடியே கான்டாக்ட் நடுவுல டிஆர்வி (கரன்ட் நின்னதும் திரும்ப ஏறுற வோல்டேஜ்) ஏற ஆரம்பிச்சிடும். பிரேக்கருக்கான ஐஇசி 62271-100 ஸ்டாண்டர்டுல டி100 டெஸ்ட்டுக்கு (முழு ஷார்ட் சர்க்யூட் கரன்ட்ட நிறுத்துற டெஸ்ட்) 98 மைக்ரோசெகண்ட்ல 195 கேவி, 392ல 364 கேவின்னு போட்டிருக்கு. உள்ள கேஸ் அப்பவும் கொதிச்சுட்டுதான் இருக்கும், அது தாங்குமாங்கறதுதான் கேள்வி.

மொத சில மைக்ரோசெகண்ட் கதை வேற, அங்க மிச்சமிருக்க கண்டக்டிவிட்டிதான் பிரச்சனை, அதுக்கு காஸி, மேயர்னு ஆர்க் மாடல் இருக்கு. இங்க அத தொடல.

மொதல்ல சிஎஃப்டி, அதாவது கேஸ் ஓட்டத்த சின்னச் சின்ன செல்லா பிரிச்சு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது. ஆர்க், ரேடியேஷன், நாசில்லேர்ந்து ஆவியாகி கலக்குற டெஃப்லான் எல்லாத்தையும் சேத்து ஓட்டி, ஜீரோக்கு அப்புறம் 10, 20 மைக்ரோசெகண்டுக்கு ஒருதடவ டெம்பரேச்சரும் பிரஷரும் எடுத்து வைங்க. (இதுலதான் பாதி ஆயுசு போகும்.) அடுத்து எலக்ட்ரிக் ஃபீல்டு, கான்டாக்ட் நடுவுல 1 வோல்ட் குடுத்து லாப்லாஸ் சமன்பாட்ட சால்வ் பண்ணா போதும், ஆனா கான்டாக்ட் நகந்துட்டே இருக்கறதால ஒவ்வொரு நேரத்துக்கும் புது ஜியாமெட்ரில ஓட்டணும்.

இப்பதான் முக்கியமான எடம். கேஸோட தாங்குற சக்தி, மாலிக்யூல் எவ்வளவு நெருக்கமா இருக்குங்கறதுல இருக்கு, அதனால ஃபீல்ட நம்பர் டென்சிட்டியால (ஒரு கன மீட்டர்ல எத்தன மாலிக்யூல்) வகுத்து, அதுக்கான யூனிட்டான டவுன்சென்ட்ல பேசணும். குளிர்ந்த எஸ்எஃப்6க்கு கிரிட்டிக்கல் மதிப்பு, அதாவது தாங்குற எல்லை, சுமார் 360 டவுன்சென்ட். 5 பார், 300 கெல்வின்ல போட்டா மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 43 கேவி வருது, அதே பிரஷர்ல 1500 கெல்வின்னா அஞ்சுல ஒரு பங்குதான், 9 கேவி கூட தேறாது. 2000 தாண்டுனா இன்னொரு அடியும் விழும், எஸ்எஃப்6 உடைஞ்சு எஸ்எஃப்4, எஸ்எஃப்2, ஃப்ளோரின் அணுன்னு ஆயிட, எலக்ட்ரான புடிச்சு வைக்கிற கொணம் கொறைஞ்சு அந்த 360ஏ சரிஞ்சிடும். இதுக்கு ஒவ்வொரு டெம்பரேச்சர், பிரஷருக்கும் என்னென்ன கலவை இருக்குன்னு கண்டுபிடிச்சு, போல்சிக் பிளஸ் மாதிரி போல்ட்ஸ்மன் சால்வர்ல (கேஸுக்குள்ள எலக்ட்ரான் எப்படி ஓடுதுன்னு கணக்கு போடுற சாஃப்ட்வேர்) போட்டு, அயனைசேஷனும் (புது எலக்ட்ரான் உருவாகறது) அட்டாச்மென்ட்டும் (கேஸ் அத புடிச்சுக்கறது) சமமாகற புள்ளிய டேபிளா முன்னாடியே பண்ணி வச்சுக்கங்க.

அப்புறம் ஒவ்வொரு செல்லுலயும் கிரிட்டிக்கல் மதிப்ப டென்சிட்டியால பெருக்கி, 1 வோல்ட் ஃபீல்டால வகுத்தா எத்தன வோல்ட் தாங்கும்னு வரும், அதுல ஆகக் கொறஞ்சதுதான் அந்த நேரத்துக்கான விடை. எல்லா நேரத்துக்கும் வரைஞ்சு டிஆர்வி மேல வச்சு பாருங்க, எங்கயாச்சும் கோடு வெட்டுனா ஆர்க் திரும்ப பத்திக்கும்னு (ரீஇக்னிஷன்) எடுத்துக்கணும்.

நான் மொதல்ல சொதப்புனது இங்கதான். ஃபீல்டு அதிகமா இருக்க எடத்தையும் சூடான எடத்தையும் மட்டும் பாத்துட்டு சந்தோஷமா இருந்தேன், ஆனா நாசில் கழுத்த தாண்டி கேஸ் சூப்பர்சானிக்கா போறப்ப பிரஷர் விழுந்து டென்சிட்டி படுத்துடுது, டெம்பரேச்சர் மேப்ல அந்த எடம் ரொம்ப நல்லவன் மாதிரி நிக்கும்.

ஒரு செல் மட்டும் கிரிட்டிக்கல தாண்டுனா ஒடனே பிரேக்டவுன்னு கிடையாது, அதனால இந்த முறை கொஞ்சம் பயந்த சுபாவம். சந்தேகமான எடத்துல ஃபீல்டு லைன் வழியா ஸ்ட்ரீமர் இன்டெக்ரல் (அந்த வழியில எலக்ட்ரான் எவ்வளவு பெருகுதுங்கற கூட்டல்) போட்டு 10.5 வருதான்னு பாருங்க, வந்தா பிரேக்டவுன்னு எடுத்துக்கலாம். ஆனா கான்டாக்ட் மேல ஆர்க் அரிச்ச சொரசொரப்பு இந்த கணக்கு எதுலயும் இல்ல, அதுக்குன்னு மார்ஜின் தனியா விடுங்க.