துறைமுகமும் பக்கத்து ஊர்களும் பள்ளிகளும் ஒரே மேசையில் உட்கார: செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

துறைமுகத்தோடு ஏதாவது பேசி முடிக்க வேண்டும் என்றால் நம்மில் பலர் எடுத்தவுடன் கேட்பது, "சேர்மனைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். சால்வை போடலாம், மனு கொடுக்கலாம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே டிரெய்லர் அதே பள்ளி வாசலில் நின்றுகொண்டிருக்கும், ஏனென்றால் அந்தச் சாலை அவருடையது இல்லை, லாரி அவருடையது இல்லை, பள்ளியும் அவருடையது இல்லை. கேட் மட்டும்தான் அவர் கையில்.

எண்ணூர்ப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் துறைமுகம் இருப்பது பொன்னேரி வட்டத்துக் கடலோரத்தில். பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம். சுற்றிலும் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி மாதிரி ஊராட்சிகள், கொஞ்சம் தள்ளி மீஞ்சூர் பேரூராட்சி, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம். நடுவில் அனல்மின் நிலையங்கள் வேறு. ஒரே லாரி அரை மணி நேரத்தில் இத்தனை எல்லைகளையும் கடந்து போய்விடும், ஆனால் அதைப் பற்றி எழுதும் மனு மட்டும் ஒரு எல்லையிலேயே நின்றுவிடும்.

அதனால் முதல் வேலை ஒரு தாள் எடுத்து, யார் கையில் என்ன இருக்கிறது என்று எழுதுவது. பள்ளி வாசல் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஒன்றியச் சாலையா, துறைமுகமே போட்ட சாலையா? பள்ளி தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கட்டடத்தில் ஒரு சுவர் எழுப்புவதற்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் வரை போக வேண்டும். உயர்நிலை, மேல்நிலை என்றால் கல்வித் துறை. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சிப் பள்ளியாகவும் இருக்கலாம். வேகத்தடை யார் போடுவார்கள், தெருவிளக்குக்கு யார் பில் கட்டுகிறார்கள், லாரி நிறுத்தும் இடம் யாருடையது? இதை முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. பாதி பதில்களை ஊராட்சி செயலரே போனில் சொல்லிவிட்டார், மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

அடுத்தது, ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே வேலைவாய்ப்பு, சொத்து வரி, நிலக்கரித் தூசி, குடிநீர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை என்று இருபது கோரிக்கைகளை அடுக்கினால், துறைமுகத்துக்காரர்கள் அதில் ரொம்பச் சுலபமான ஒன்றை, அநேகமாகப் பள்ளிக்குப் பெயின்ட் அடிப்பதை, செய்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் பள்ளி நேரத்து லாரிப் போக்குவரத்தில் ஆரம்பியுங்கள் என்பேன். எல்லா ஊருக்கும் பொதுவானது, அளக்கக்கூடியது, அதை எதிர்த்து யாரும் பேச முடியாது.

அளப்பது எப்படி? நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். காலை எட்டேகாலில் இருந்து ஒன்பதேகால் வரை, மாலை நாலு முதல் ஐந்து வரை, ஐந்து வேலை நாள். இரண்டு அம்மாக்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் நாலு கோடு, ஒரு குறுக்குக் கோடு என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு பக்கம் துறைமுகத்துக்குள் போகும் வண்டி, இன்னொரு பக்கம் வெளியே வரும் வண்டி. மூன்றாவதாக ஒரு பத்தியும் வைத்தோம், நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு. கடைசியில் அதுதான் கைகொடுத்தது. ஓடுகிற லாரியைவிட, சாலையோரம் வரிசையில் நிற்கிற லாரிதான் பிள்ளைகளை நடுரோட்டுக்குத் தள்ளுகிறது என்று அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரை வேகத்தடை கேட்டுக்கொண்டிருந்தோம், அப்புறம் லாரி நிறுத்த இடம் கேட்க ஆரம்பித்தோம். பிள்ளைகளை எண்ண வைக்காதீர்கள், அது கல்வித் துறையில் வேறு பஞ்சாயத்தாகிவிடும்.

கையில் ஒரு காகிதமும் வேண்டும். பெரிய துறைமுகத் திட்டங்கள் எல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் நடக்கின்றன. அந்த அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். தூசி, கழிவு, பசுமை வளையம், சாலை, சில சமயம் சுற்றுவட்டார ஊர்களுக்குச் செய்ய வேண்டியவையும். நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 கணக்கில், அவர்கள் அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். கடிதத்தின் நகலை உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று, ஆகவே உங்கள் ஊராட்சி அலுவலக பீரோவிலேயே அது தூங்கிக்கொண்டிருக்கலாம். படித்துப் பாருங்கள். நீங்கள் கெஞ்சிக் கேட்க நினைத்த ஒன்று அவர்கள் ஏற்கெனவே செய்ய ஒப்புக்கொண்டதாக இருந்தால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

அப்புறம் தீர்மானம். ஒரு ஊராட்சியின் தீர்மானத்தைவிட மூன்று ஊராட்சிகளின் ஒரே மாதிரியான தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் முன்பே பக்கத்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வாசகத்தை முடிவு செய்யுங்கள். பேரூராட்சி, மாநகராட்சி எல்லை என்றால் வார்டு கவுன்சிலர் மூலம் மன்றத்தில். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தனியாக ஒன்று. வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

"பள்ளி வேலை நாட்களில் காலை 8.15 முதல் 9.15 வரையிலும் மாலை 4.00 முதல் 5.00 வரையிலும் இவ்வூர் வழியே செல்லும் கனரக வாகனங்களை ஒழுங்குபடுத்துவது குறித்து, துறைமுக நிர்வாகம், பக்கத்து உள்ளாட்சிகள், பள்ளி மேலாண்மைக் குழுக்கள், காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியோர் கொண்ட கூட்டுக் குழு அமைக்க மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"ஆவன செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், அது எதையும் செய்யாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு. தீர்மான நகலைக் கையெழுத்து, முத்திரையோடு அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமும் வரும், 2016-க்குப் பிறகு வந்தது, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி வந்தது. தலைவருக்குப் பதில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் தீர்மானத்தை நிறுத்த வேண்டியதில்லை. சொல்லப் போனால் பி.டி.ஓ.வே பல ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக இருப்பார், மூன்று ஊருக்கும் ஒரே மேசையில் வேலை முடியும். ஊர் மக்கள் பக்கத்திலிருந்து பேச ஆள் வேண்டுமே என்றால், அந்த இடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுதான் நிரப்ப வேண்டும்.

கூட்டத்தை யார் கூட்டுவது என்பதில் கௌரவப் பிரச்சினை வரும். துறைமுகம் கூட்டினால் நாம் விருந்தாளி, நாம் கூட்டினால் அவர்கள் கடைசி வரிசை அதிகாரி ஒருவரை அனுப்பிவைப்பார்கள். சார் ஆட்சியர் அல்லது கலெக்டர் கூட்டுவதுதான் சரி. துறைமுக வாரியத்தில் இடம் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டப்படி சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுகங்களின் வாரியத்தில் மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கத் துறை, ஊழியர்கள் தரப்பு எல்லாம் உண்டு, பக்கத்து ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ என்று தனி நாற்காலி கிடையாது. அதற்குப் போராடுவதானால் டெல்லியில் போராட வேண்டும். பள்ளி வாசல் அதுவரை காத்திருக்காது.

யாரை வரச் சொல்வது? சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அதிகாரியை மட்டும் அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனிதராக இருப்பார், ஆனால் கேட்டைத் திறக்கவும் மூடவும் அவரால் முடியாது. போக்குவரத்துப் பிரிவு மேலாளர் வேண்டும். கன்டெய்னர் முனையங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன என்றால் அவர்கள் ஆளும் வேண்டும், டிரெய்லர் உரிமையாளர் சங்கத்திலிருந்து ஒருவரும் வேண்டும். இதை நாங்கள் முதல் தடவை மறந்துவிட்டோம். எல்லாரும் தலையாட்டி முடிந்த பிறகு டிரைவர்கள் கேட்டது: "ஒரு மணி நேரம் நிறுத்துங்கன்னு சொல்றீங்க, எங்க நிறுத்தறது?" நியாயமான கேள்வி. கக்கூஸ் இல்லை, தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, இரண்டு நாள் வரிசையில் நின்ற ஆளிடம் பள்ளிப் பாதுகாப்பு பற்றிப் பேசினால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்?

தலைமை ஆசிரியரைப் பேச வைத்து மாட்டிவிடாதீர்கள். அவர் அரசு ஊழியர், துறைமுகத்துக்கு எதிராகப் பேசினார் என்று ஒரு வரி மேலே போனாலே போதும். முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து அவர் கலந்துகொள்ள அனுமதி வாங்கிவிடுங்கள், பேசுவது மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். எங்கள் பள்ளியில் தலைவராக இருந்த அம்மா கூட்டத்தில் நோட்டைத் திறந்து அந்த மூன்றாவது பத்தியை மட்டும் வாசித்தார். வேறு எதுவும் பேசவில்லை, தேவைப்படவும் இல்லை.

அமெரிக்காவில் சியாட்டில் விமான நிலையத்தை நடத்துவது அங்குள்ள துறைமுக அமைப்புதான். மூன்றாவது ஓடுபாதைக்காக (2008-இல் திறந்தார்கள்) பக்கத்து ஊர்களோடு வருடக்கணக்கில் வழக்கு. பிற்பாடு சீடாக், பியூரியன், டுக்வில்லா மாதிரியான அக்கம்பக்க ஊர்களும் ஹைலைன் பள்ளி மாவட்டமும் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) துறைமுகமும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்தன. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பள்ளி அங்கே நன்கொடை வாங்க வந்த கட்சியாக இல்லை, ஒரு ஊரைப் போலவே தனி உறுப்பினர். நம் ஊரில் பள்ளியை மேடை ஓரத்தில் நிற்க வைத்துத்தான் பழக்கம்.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். பள்ளி நேரத்தில் கேட்டில் வண்டி எடுப்பதை அரை மணி தள்ளிப் போடுவது துறைமுகத்தின் கையில் இருக்கிறது. சாலையில் கனரக வாகனத்தைத் தடுப்பதென்றால் அது மோட்டார் வாகனச் சட்டம் 115-வது பிரிவின் கீழ் அதிகாரம் உள்ளவர் போட வேண்டிய உத்தரவு. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அரசிதழில் வர வேண்டும். எனவே முதலில் ஒரு மாதம் சோதனையாகச் செய்யச் சொல்லுங்கள், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ள வசதி. அந்த மாதம் முழுக்க மறுபடி நோட்டு, கோடு.

பணம் பற்றி. காமராஜர் துறைமுகம் ஆரம்பத்திலிருந்தே கம்பெனியாக நடக்கிறது, அதனால் கம்பெனிச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். விதி: முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு, செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை. சென்னையும் தூத்துக்குடியும் அதிகார அமைப்புகள், அங்கே 2021-ஆம் ஆண்டுச் சட்டமே கல்வி, சுகாதாரம், திறன் பயிற்சி மாதிரி விஷயங்களில் உள்ளூர் மக்களுக்காகச் செலவு செய்ய வழி தந்திருக்கிறது. எங்கே போனாலும் அக்டோபர், நவம்பரில் போங்கள். மார்ச்சில் போனால் மீந்த பணம்தான் கிடைக்கும், மீந்த பணத்தில் ஸ்மார்ட் போர்டுதான் வரும். ஒரு பள்ளிக்கு அப்படி ஒன்று வந்தது. மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள், சுவிட்ச் போட்டால் ஃபியூஸ் போகிறது, வயரிங் மாற்ற யாரிடமும் பணம் இல்லை, கடைசியில் அதன் மேல் வருகைப் பட்டியலை ஒட்டிவைத்திருந்தார்கள். கொடுப்பவர் யார், பராமரிப்பவர் யார், கரன்ட் பில் யார் தலையில் என்ற மூன்றையும் எழுதி வாங்காமல் எதையும் இறக்காதீர்கள். பள்ளிக்குக் கொடுக்க விரும்பும் நிறுவனங்களுக்கு மாநில அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியும் இருக்கிறது, கணக்கு வெளிப்படையாக இருக்கும்.

பெரிய பணத்தைப் பல அமைப்புகள் சேர்ந்து போடுவதும் நடந்திருக்கிறது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்), மாநில அரசு என்று நாலு தரப்பும் கூட்டு. ஆனாலும் கரையோர மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுப்பது மாதிரியான வேலைகள் முடியாமல் பல வருடம் இழுத்தது. பணம் போட்டவர்கள் எல்லாரும் மேசையில் இருந்தார்கள், சாலையோரத்தில் குடியிருந்தவர்கள் இல்லை.

இன்னொன்று, இதைக் கறாராகச் சொல்கிறேன். கழிமுகத்தில் மீன் குறைவது, விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பது போன்றவற்றை இந்தக் குழுவுக்குள் இழுத்துப் பள்ளிக்கூடப் பெஞ்சுக்குப் பண்டமாற்று செய்துவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு மேசை இருக்கிறது, பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. முதல் கூட்டத்து மினிட்ஸிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இக்குழுவில் பங்கேற்பது, எந்த விரிவாக்கத் திட்டத்துக்கும் உள்ளாட்சியோ பள்ளியோ அளித்த ஒப்புதலாகக் கருதப்படாது." முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. அந்த வரி இல்லாமல் எடுத்த குரூப் போட்டோ நாளைக்கு எந்த அறிக்கையில் எந்தத் தலைப்பில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

மினிட்ஸ் எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அது எல்லாருக்கும் பிடிக்காத வேலை. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்தி. ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் மின்னஞ்சல், கலெக்டர் அலுவலகத்துக்குத் தபாலில் ஒரு நகல், ஒப்புகைச் சீட்டோடு. சார் ஆட்சியர் மாறுவார், போக்குவரத்து மேலாளர் மாறுவார், தலைமை ஆசிரியரும் கலந்தாய்வில் போய்விடுவார். புதிதாக வருபவரிடம் முதல் வாரத்திலேயே அந்த ஃபைலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், அடுத்த தேதியைக் குறிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எங்கள் ஃபைல் பள்ளி அலுவலக அறையில், இலவச சைக்கிள் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாவி சத்துணவு அமைப்பாளரிடம்.