பார்வையற்றவருக்குத் துணை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, எந்த ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பார்வையற்றவர் மனுவோடு நிற்பார், பக்கத்தில் அக்காவோ மச்சானோ சங்கத்துக்காரரோ நிற்பார், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி பக்கத்தில் நிற்பவருக்குத்தான் போகும்: "இவருக்கு என்ன வேணும்?" கூட வந்தவரும் தாராளமாகப் பதில் சொல்லிவிடுவார். மனு கொடுக்க வந்தவருக்குக் காது கேட்கும், வாய் பேசும் என்பது இரண்டு தரப்புக்கும் நினைவிருக்காது. உதவி செய்கிறேன் என்று கிளம்பும் நாம் செய்கிற தவறுகளில் பாதி இந்தப் பழக்கத்தால் வருவது, மீதி காகித விவரம் தெரியாமல் வருவது. நடப்பில் இரண்டும் கலந்தே வருகின்றன, அதனால் கலந்தே சொல்கிறேன்.

முதலில் சான்றிதழ். நாம் "கண் தெரியாது" என்று சொல்வதும் மருத்துவர் எழுதுவதும் ஒன்றாக இருக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இட ஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலான திட்டங்களுக்கும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். சரியான கண்ணாடி போட்ட பிறகு, இரண்டில் நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துத்தான் அந்தச் சதவீதம் தொடங்கும். விபத்தில் ஒரு கண் அடியோடு போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதத்தைத் தாண்டாது. கேட்க வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதை முதல் நாளே அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "நம்ம ஆள் இருக்கு, 40 போட்டு வாங்கிடலாம்" என்று ஒருவர் வருவார், பணம் போகும், சான்றிதழ் வராது. கண்புரையோடு இருக்கிற பெரியவரை அறுவை சிகிச்சை செய்யாமலே சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப்போவதும் வீண் அலைச்சல், சரிசெய்யக்கூடிய குறைக்குச் சான்று தரமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. ஓரளவு பார்வை இருக்கிறவர்கள் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/24க்கு மேல் தெரியவில்லை என்றால், அதாவது மற்றவர்கள் 24 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால், 40 சதவீதம் வந்துவிடும். அவர் தனியாக நடப்பார், சைக்கிள்கூட ஓட்டுவார், ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது.

இன்னும் சிக்கலானது விழித்திரை நோய் உள்ள பிள்ளைகளின் கதை. பகலில் வகுப்பில் கரும்பலகையை வரிவரியாகப் படிப்பான், அந்தி சாய்ந்தால் திண்ணையில் இடித்துக்கொள்வான், பக்கவாட்டில் வருகிற ஆட்டைக் கவனிக்க மாட்டான். வீட்டில் மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பள்ளியில் நடிக்கிறான் என்பார்கள். அவனுக்குப் பார்வைக் கூர்மை போகவில்லை, பார்வையின் அகலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பினால் சதவீதம் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். பார்வைப் புலத்துக்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள், 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தாலே சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடுவான். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற குடும்பங்களில் இந்த நோய் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு, ஆகவே அண்ணனுக்கு இருந்தால் தங்கையையும் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வந்துவிட்டால் எல்லாம் தானாக வரும் என்று நினைப்பது அடுத்த தவறு. மாதாந்திர ஓய்வூதியம் வருவாய்த் துறையில், தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில். மடக்குக் கோல், திறன்பேசி, திருமண உதவி, படிப்பு உதவித்தொகை, பாடம் படித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். தேர்வுச் சலுகை பள்ளிக் கல்வித் துறையில். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி "ஆவன செய்யுமாறு" என்று முடித்துக் கொடுத்தால் அந்த மனு மேசை மேசையாகப் போய் எங்கோ ஒரு கட்டில் உட்கார்ந்துவிடும். ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு, கையோடு ஒப்புகைச் சீட்டு, அவ்வளவுதான். மயிலாடுதுறைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மாவட்டம் பிரிந்தது 2020 டிசம்பரில், அதற்கு முந்தைய சான்றில் நாகப்பட்டினம் என்று இருக்கும், மனு போக வேண்டியது மயிலாடுதுறைக்கு.

நகரப் பேருந்து விஷயம் எளிது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை, வெளியூர்ப் பேருந்தில் கால் பங்கு கட்டினால் போதும். அட்டையை வீட்டில் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு நடத்துனரோடு சண்டை போடாமல் இருந்தால் சரி.

வங்கி அப்படி எளிதில்லை. "கையெழுத்து மாறும்மா, யாராவது ஏமாத்திடுவாங்க, அண்ணனோட சேர்த்துக் கூட்டுக் கணக்காப் போட்டுக்குங்க" என்று கிளையில் அன்பாகத்தான் சொல்வார்கள். நாமும் அந்த அன்பில் கரைந்து தலையாட்டிவிடுகிறோம். பார்வையற்றவர் என்ற காரணத்துக்காகக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர், இணைய வங்கி எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கிளை மேலாளரிடம் கெஞ்ச வேண்டாம், கத்தவும் வேண்டாம். "முடியாது என்பதை எழுதிக் கொடுங்க சார்" என்று கணக்குத் தொடங்க வந்தவரே கேட்கட்டும். பாதி இடங்களில் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதற்குக் கட்டணமும் இல்லை. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் கணக்கு என்கிற செயலிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகவே சொல்லிவிட்டது: மின்னணு வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி, அடையாளச் சரிபார்ப்பு முறைகளைப் பார்வையற்றவர்களுக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும்.

நிலத்துக்கு வருவோம், டெல்டாவில் பேசாமல் போக முடியாத சங்கதி. அப்பா இறந்ததும் பாகப்பிரிவினை வரும். "அவன் என்ன உழவா போறான், நாங்க பார்த்துக்கிறோம், விடுதலைப் பத்திரத்துல ஒரு கைநாட்டு வைக்கட்டும்" என்று பேச்சு தொடங்கும். விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது. சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பலர் உண்மையிலேயே காலமெல்லாம் சோறு போடுகிறார்கள். ஆனால் சொத்து வைத்திருக்கவும், வாரிசாக அடையவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும், கடன் வாங்கவும் அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. துணை போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பத்திரத்தின் வரைவை, அந்தச் சொத்தில் பங்கில்லாத ஒருவரைக் கொண்டு முழுதாகப் படித்துக் காட்டச் செய்வது, சர்வே எண், பரப்பு, எல்லை உட்பட. அவசரம் என்று பதிவு அலுவலக வாசலில் வைத்துப் படிப்பது படித்ததாகாது. அன்றே கையெழுத்தாக வேண்டும் என்று யாராவது நெருக்கினால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம்.

கூட நடப்பது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கோலின் நுனியைப் பிடித்து நடத்திப் போகவே போகாதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்வார், நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும், உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். பேருந்தில் ஏற்ற வேண்டுமானால் அவருடைய கையை வாசல் கம்பியில் வையுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அவர் மூட்டை இல்லை. இறக்கிவிட்டுப் போகும்போது "நான் கிளம்புறேன்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் போனது தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிற சங்கடம் அவருக்கு வேண்டாம்.

நம் ஊர்ச் சாலைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. அறுவடை முடிந்ததும் பாதிச் சாலையில் நெல் காயும். விளிம்பில் கருங்கல்லும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள், தார்ப்பாய் நுனி மடங்கிக் கிடக்கும். சாலை ஓரத்தைக் கோலால் தட்டிக்கொண்டே பழகிய தடத்தில் வருகிறவர் அந்தக் கல்லுக்காகச் சாலை நடுவே விலக வேண்டும், பின்னால் மணல் லாரி வரும். இன்னொரு பக்கம் வாய்க்கால், பல மதகுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. களம் இல்லாமல் விவசாயி வேறு எங்கே காயவைப்பார் என்கிற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் தெருவில் ஒருவர் கோலோடு நடக்கிறார் என்று தெரிந்தால் அவர் நடக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் காயவைக்கலாம், அதையாவது முன்கூட்டி அவரிடம் சொல்லலாம்.

கோல் என்றதும் அக்டோபர் 15 நினைவுக்கு வருகிறது. வெண்கோல் தினத்தன்று மண்டபத்தில் மேடை போட்டு, சால்வை போர்த்தி, ஒரே அளவில் வாங்கிய கோல்களை வரிசையாகக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். கோல் நெஞ்செலும்பு உயரத்துக்கு வர வேண்டும். ஆறடி ஆளுக்குக் குட்டைக் கோல் கொடுத்தால், பள்ளம் தெரிவதற்குள் கால் பள்ளத்தில் இருக்கும். அதைவிட முக்கியம் பயிற்சி. கோலைக் கொடுத்துவிட்டு நடக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அது வீட்டுப் பரணுக்குத்தான் போகும். அந்த நிகழ்ச்சிச் செலவில் நடமாட்டப் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிவந்து ஒவ்வொருவர் தெருவிலும் நடக்கவைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும், ஆனால் அதில் நல்ல படம் வராது.

படிப்பில், "போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, பிரெயில் எதுக்கு?" என்கிறார்கள். காதால் மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு 'மரம்' எந்த ர, 'மறம்' எந்த ற என்று எப்படித் தெரியும்? ந, ன குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் பரீட்சைத் தாளில் போய் நிற்கும். போனும் வேண்டும், பிரெயிலும் வேண்டும். தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், திருச்சியில் பெண்களுக்கென்று தனி அரசுப் பள்ளியும் இருக்கின்றன. ஊர்ப் பள்ளியிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தாலும் பிரெயிலுக்கு வழி செய்துவிட்டு முடிவெடுங்கள். பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவரைக் கடைசி வாரத்தில் தேடுவது இன்னொரு வழக்கம். இருவரும் சேர்ந்து சில மாதிரித் தேர்வாவது எழுதிப் பார்க்க வேண்டும், வேகமும் உச்சரிப்பும் ஒத்துவர வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. 40 சதவீதம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருப்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஒன்று. பார்வையற்றோருக்கான முகாம் அறிவிப்பைப் படமாக வாட்ஸப்பில் போடுகிறீர்களே, அதை யார் படிப்பது? போனில் எழுத்தைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் படத்தைக் கண்டால் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். இடம், தேதி, கொண்டுவர வேண்டிய காகிதங்கள், இவற்றை எழுத்தாகத் தட்டச்சு செய்து கீழே போடுங்கள். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பினாலும் இதே கதைதான், நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதைக் கணினி ஆங்கிலக் கிறுக்கலாக வாசிக்கும். ஒருங்குறியில் (யூனிகோடு) மாற்றி அனுப்ப இரண்டு நிமிடம் ஆகுமா?

மறுக்கப்பட்டால் எங்கே போவது என்று தெரியாமல் முதலமைச்சர் தனிப்பிரிவு, ஆட்சியர், எம்எல்ஏ என்று எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், முதலில் அவர் யார் என்று கேளுங்கள். அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், ஆளை அழைத்து விசாரிக்கவும் ஆவணம் கேட்டுப் பெறவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. மனுவில் "கருணை கூர்ந்து" என்ற வரியை எடுத்துவிட்டு எந்தப் பிரிவின்படி கேட்கிறோம் என்று எழுதுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் வழி செய்தது. அதற்கும் பார்வையற்றவரின் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டு, கூட்டத்தில் தம்பி உட்கார்ந்து பேசுகிற வேலை வேண்டாம்.

கடைசியாக ஓட்டு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் எண்கள் இருக்கின்றன, தனியாகப் போட விரும்புகிறவர் தனியாகவே போடலாம். துணை வேண்டும் என்றால் 18 வயது நிரம்பிய ஒருவரை அவரே தேர்ந்தெடுத்து அழைத்துப்போகலாம், வீட்டுப் பெரியவர்தான் வர வேண்டும் என்பதில்லை. அந்தத் துணை அதே நாளில் இன்னொரு வாக்காளருக்குத் துணையாகப் போக முடியாது. ஆகவே தெருவில் இருக்கிற நாலு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி, ஒரே ஆள் உள்ளே கூட்டிப்போய்ப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிற கட்சிக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.