ஹன்டர் சுற்றுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஊட்டிப் பக்கம் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஷோ ஜம்பிங் என்ற தடை தாண்டும் போட்டிதான். கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளி. யார் வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வளர்ந்த ஹன்டர், ஈக்விடேஷன் என்ற தடை தாண்டும் பிரிவுகளில் அந்தக் கணக்கு செல்லாது. ஹன்டரில் நடுவரின் கண் குதிரைமேல். ஈக்விடேஷனில் சேணத்தில் இருப்பவர்மேல்.

ஹன்டர் என்ற பெயரே வேட்டையில் வந்தது. ஊட்டியின் வென்லாக் புல்வெளியில் ஊட்டி ஹன்ட் என்ற வேட்டைக் கூட்டம் நாய்களோடு நரி துரத்தியபோது எந்த மாதிரிக் குதிரை கைகொடுத்திருக்கும் என்று யோசியுங்கள், பாதி விதி புரிந்துவிடும். நாள் முழுக்க ஏறியிருந்தாலும் உடம்பு வலிக்காத நடை, பள்ளத்தைக் கண்டு மிரளாத குணம், லகானை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லாத நிதானம்.

மதிப்பிடப் பழக, ஒரு தாளில் தடைக்கு ஒரு கட்டம் வரைந்துகொண்டு மைதானத்தின் நீளப் பக்கம் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் குதிரை எங்கிருந்து எழும்பியது என்பது தெரியாது. கட்டத்தில் சின்னக் குறி போதும்: நன்றாகத் தாண்டினால் ஒரு டிக், தள்ளி நின்றே பாய்ந்தால் 'தூ', கட்டையின் அடிவரை போய் இடையில் ஒரு குட்டி எட்டு வைத்துத் தாண்டினால் 'கி', முழங்கால் மடங்காமல் தொங்கினால் 'தொ'. இந்தக் கடைசிக் குறி விழுந்த குதிரைக்கு மதிப்பெண்ணில் தாராளம் காட்டக் கூடாது. தொங்கும் கால் கட்டையில் மாட்டினால் குதிரையே குப்புற விழும். நடுவர்கள் அதை அழகுக் குறையாக அல்ல, ஆபத்தாகவே பார்க்கிறார்கள்.

அடுத்தது எட்டுக் கணக்கு. கேன்டர் என்ற நிதானப் பாய்ச்சலில் குதிரையின் ஓர் எட்டு, அதாவது ஒரு தாவல், 12 அடி. இரண்டு தடைகளுக்கு நடுவே 72 அடி என்றால், இறங்க 6, எழும்ப 6 போக மிச்சம் 60. ஆக 5 எட்டு. டேப் வேண்டாம். மூன்றடிக்கு ஒரு காலடி வைத்து நடந்தால் முதல் இரண்டு காலடி இறங்க, பிறகு நான்கு நான்காக ஒவ்வோர் எட்டு, கடைசி இரண்டு எழும்ப. மட்டக் குதிரைக்கு எட்டு குட்டை, இடைவெளியும் குறையும். நம் மலையில் மட்டமான மைதானம் அபூர்வம். இறக்கத்தில் எட்டு நீளும், ஏற்றத்தில் சுருங்கும், ஈரப்புல்லில் குதிரை தயங்கும். ஐந்துக்கு ஆறு வைத்துவிட்டால் நல்ல மதிப்பெண்ணை மறந்துவிடலாம். பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் இனக் குதிரை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: தடைக்குத் தடை வேகம் கூடிக்கொண்டே போகும். சுற்று முழுக்க ஒரே தாளம் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மதிப்பெண் 100க்கு. 90க்கு மேல் அபாரம், 80களில் நல்ல சுற்று, 70களில் சுமார். வளைவில் முன்னங்கால் மாற்றாமல் தப்பான லீடிலேயே (முந்திப் போகும் முன்னங்காலிலேயே) போனால் அதிலிருந்து இறங்கும். நடுவில் டிராட் என்ற மெதுவான ஓட்டநடைக்கு விழுந்தால் 55, கட்டை விழுந்தால் 45, ஒருமுறை மறுத்து நின்றால் 40 என்பது பல நடுவர்களின் வழக்கம். மூன்று முறை மறுத்தாலோ ஆள் விழுந்தாலோ வெளியே. குளம்பு லேசாக உரசியது தனிக் குற்றமில்லை.

ஈக்விடேஷனில் பக்கவாட்டிலிருந்து ஒரு கோடு பார்க்க வேண்டும்: காது, தோள், இடுப்பு, குதிகால். முழங்கைக்கும் கடிவாளத்துக்கும் இடையே இன்னொரு கோடு. தாண்டும்போது காலின் கீழ்ப்பகுதி பின்னால் பறந்தால், ஆள் முழங்காலால் இறுக்கிப் பிடிக்கிறார் என்று அர்த்தம். முழங்கால் கீல் போலாகிவிடுகிறது, உடம்பு முன்னே சாய்கிறது. காற்றில் இருக்கும்போது கை பிடரிமேல் முன்னே போய்க் குதிரையின் கழுத்துக்கு இடம் விட வேண்டும். விடாவிட்டால் வாயில் இழுபட்டு, அடுத்த தடையில் குதிரை தலையைத் தூக்கும். அந்தத் தலை தூக்கலுக்குக் குதிரையைக் குறை சொல்லாதீர்கள்.

டிராட்டில் எழுந்து உட்காரும் முறையையும் கவனியுங்கள்: வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும்போது ஆள் எழ வேண்டும். தப்பினால் இரண்டு மூன்று எட்டுக்குள் சரிசெய்துகொள்பவருக்குக் குறைவாகவே வெட்டு. அது தெரியாமலே ஒரு சுற்று போகிறவருக்கு அதிகம். குனிந்து பார்த்துச் சரிசெய்தாலும் நடுவர் குறித்துக்கொள்வார்.

முதல் நான்கு பேர் மதிப்பெண்ணில் ஒட்டி நின்றால் நடுவர் சோதனை வைப்பார்: நில், பின்வாங்கு, 8 வடிவத்தில் சுற்று, அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) விட்டுவிட்டு டிராட் செய். கால் இரண்டும் தொங்கிய பிறகும் முதலில் பார்த்த அந்தக் கோடு கலையாமல் இருப்பவருக்கே ரிப்பன்.