குரல்கள் அடங்கிய பிறகு: வீட்டிலேயே மூளைப் பயிற்சி தொடங்குவது எப்படி?

தம்பி சிகிச்சை முடிந்து கோத்தகிரிக்குத் திரும்பியபோது காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. ஆனால் துவரம்பருப்பு, தீப்பெட்டி, பால் என்று மூன்று சாமான் வாங்கி வரச் சொன்னால், தீப்பெட்டியோடு வந்து வாசலில் நின்று என் முகத்தையே பார்ப்பான். சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டினார். நானும் ஓரிரு முறை கத்தியிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்ற மனநலச் சிக்கல், வந்தவர்கள் பலருக்குக் கவனம், கேட்டதைப் பிடித்து வைக்கும் நினைவு, யோசிக்கும் வேகம் எல்லாமே அடி வாங்குகின்றன. மாத்திரை குரலையும் சந்தேகத்தையும் குறைக்கும். இவற்றை அவ்வளவாக மீட்டுத் தராது. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் திரையில் செய்யும் இந்த மூளைப் பயிற்சி.

முதல் வேலை, டாக்டரிடம் கேட்பது. பயிற்சி மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரையோடு சேர்ந்து நடப்பது. அதே அளவு முக்கியம், செய்யப்போகிறவரிடம் கேட்பது. தம்பி முதலில் "வேண்டாம்க்கா" என்றான். இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அவனே கேட்டான்.

அடுத்து, சாமான். சின்னத் திரையில் கண் சோர்ந்துவிடும். லேப்டாப்போ டேப்லட்டோ இருந்தால் நல்லது. வயர் வைத்த ஹெட்போன் போதும். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் பின்னாலேயே டவரும் போய்விடும். கூடலூர், பந்தலூர் பக்கம் இதே பாடு ஆனி, ஆடியில். இரவே சார்ஜ் போட்டு வையுங்கள், டவர் நன்றாகக் கிடைக்கும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, செயலி. ஆய்வுகளில் பயன்பட்டவற்றில் பிரெய்ன்ஹெச்க்யூ ஒன்று. ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் நீங்கள் முதலில் செய்து பார்த்துவிட்டுத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அதில் ஒரு பயிற்சி இப்படி: "ஊயீ" என்று மேலே ஏறும் ஒலி, "ஈயூ" என்று கீழே இறங்கும் ஒலி, இரண்டு அடுத்தடுத்து வரும். எது ஏறியது, எது இறங்கியது என்று அம்புக்குறியை அதே வரிசையில் அழுத்த வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல ஒலி குறுகி வேகமெடுக்கும், தப்பு வந்தால் சுலபமாகும். பத்துக்கு எட்டு சரியாக வரும் அளவில் அதுவே நிற்கப் பார்க்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தம்பிக்குச் சொல்லாமல் விட்டேன். தப்பு வர வர "என் மூளை போச்சு" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான்.

ஒலியில் ஏன் தொடங்க வேண்டும்? சொல் காதில் விழும்போதே கலங்கலாகப் பதிந்தால், நினைவு எதைப் பிடித்து வைக்கும்?

நேரம் பற்றி. கலிபோர்னியாவில், நோய் வந்து சில வருஷமே ஆன இளைஞர்களுக்கு லேப்டாப் கொடுத்து வீட்டில் 40 மணி நேரம் ஒலிப் பயிற்சி செய்யவைத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. சாதாரண கம்ப்யூட்டர் கேம் ஆடியவர்களைவிட இவர்களுக்குச் சொல் நினைவு தேறியிருந்தது. நோய் அறிகுறிகள் அதனால் குறைந்துவிடவில்லை. அதை எதிர்பார்த்துத் தொடங்காதீர்கள். நாங்கள் தினம் 15 நிமிடத்தில் ஆரம்பித்தோம், மெல்லக் கூட்டினோம். ஞாயிறு விடுமுறை.

பக்கத்தில் ஆள் வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன். 130 சோதனைகளைச் சேர்த்து அலசிய 2021-ம் ஆண்டு ஆய்வும், இதற்கென்று பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் கூட இருந்து நடத்தும்போது பலன் கூடுகிறது என்றது. அந்த ஆள் மலையில் வாரா வாரம் கிடைக்கமாட்டார். மாதாந்திர செக்கப்பில் டாக்டரிடம் கேட்டு வந்து, மற்ற நாளில் நீங்கள் உட்காருங்கள். திரையைப் பிடுங்காமல், விடை சொல்லிக் கொடுக்காமல், கறுப்பு டீயோடு சும்மா உட்கார்ந்தால் போதும்.

திரையில் பழகியதைக் கையோடு வீட்டு வேலையில் இறக்குங்கள். கடைக்குக் கிளம்புமுன் தம்பி சாமான் பெயரை வாய்விட்டு மூன்று தரம் சொல்வான், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குவான். பச்சைத் தேயிலை எடை போடும்போது கிலோவைக் காதால் கேட்டு, வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவான். பிறகு சீட்டோடு ஒத்துப் பார்ப்போம். முதல் வாரம் 23-ஐ 32 என்று எழுதினான். இப்போது சீட்டில் மங்கிப்போன எண்ணை அவன் நோட்டைப் பார்த்துத்தான் அப்பா சரிசெய்கிறார்.

எப்போது நிறுத்த வேண்டும்: அந்த ஒலி தன்னிடம் ஏதோ சொல்கிறது என்றாலோ, யாரோ திரை வழியாகப் பார்க்கிறார்கள் என்றாலோ, தூக்கம் கெட்டாலோ, அன்றே மூடிவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரி என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. டாக்டர் சரி என்ற பிறகு, விட்ட இடத்தில் தொடராமல், இரண்டு மூன்று நாள் சுலபமான நிலையில் செய்யவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.