ரேஞ்ச் புல்லைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃப் மைதானப் பராமரிப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பண்ணின அதே தப்புகளை வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். விதைத்தபின் ஈரம் காயக்கூடாது, மேலே நடக்கக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நம்மூர் சமவெளியில் ரேஞ்சுக்கு, அதாவது பந்தடித்துப் பழகுகிற திடலுக்கு, பெர்முடா புல், அருகம்புல் இனம், போடுகிறவர்களுக்காக இது.

களைக்கொல்லி அடித்த மண்ணில் விதைப்பது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. சென்னைப் பக்கம் ஒரு கிளப்பில் ரேஞ்சின் டீ பகுதியை, அதாவது நின்று பந்தடிக்கிற இடத்தை, கொத்தி, மணல் பரப்பி, நல்ல விலை கொடுத்து வாங்கின விதையைத் தூவியிருந்தார்கள். தோல் நீக்கிய பெர்முடா விதை சூடான மண்ணில் 7 முதல் 14 நாளில் முளைத்துவிடும். அங்கே மூன்று வாரமாகியும் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கூட்டினார்கள், விதைக்காரரோடு சண்டை போட்டார்கள், மறுபடி விதை வாங்கித் தூவினார்கள், அதுவும் போச்சு. நான் போனபோது மருந்து அடித்த பதிவேடு என்று ஒன்றே அங்கே இல்லை. ஸ்டோரில் கிடந்த ஸ்ப்ரேயர் டேங்கின் உள்பக்கம் மட்டும் தேய்த்தாலும் போகாத மஞ்சள் கறை. அது பென்டிமெத்தலின். நெல்லுக்கும் கடலைக்கும் களை முளைக்காமல் இருக்க அடிப்பார்களே, அதே மருந்து.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், இந்த மருந்து வேர்பிடித்த பழைய புல்லைக் கொல்லாது. ஓரத்தில் இருக்கிற பெர்முடா பச்சையாகவே நிற்கும், அதைப் பார்த்து மண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். ஆனால் முளைக்கிற விதையின் வேரை அது அங்கேயே நிறுத்திவிடும், புல் விதைக்கும் களை விதைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கீழே இறங்காது. மண்ணையும் அடித்த அளவையும் பொறுத்து 3, 4 மாதம்கூட வேலை செய்யும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. விதைக்கப்போகிற இடத்தின் மேல்மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்தே படாத இடத்து மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டு, அதே விதையை இரண்டிலும் தூவி இரண்டு வாரம் பாருங்கள். முதல் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ வேர் கட்டையாகித் தடித்தாலோ விதைப்பைத் தள்ளிப்போடுங்கள். விதை வாங்குவதே அதற்கு அப்புறம்தான்.

419-க்கு விதை தேடுவது

கிடையாது. 419 என்பது டிஃப்வே 419 என்ற பெர்முடா ரகம்; அது விதை பிடிக்காத மலட்டுக் கலப்பினம், தண்டுத் துண்டோ புல்பாளமோதான் நட வேண்டும். சாதாரண பெர்முடா விதையை வைத்து அதில் ஒட்டுப்போட்டால் இலை அகலமும் நிறமும் வேறாகி, திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஐப்பசியில் விதைப்பது

வேண்டாம். அடைமழை விதையைப் பள்ளத்துக்கு அடித்துப் போய்விடும்.

ஆழமாக மூடுவது

ஒரு கிராமில் கிட்டத்தட்ட 4,000 விதை இருக்கும், அவ்வளவு பொடி. சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் பல விதை மேலே வராது. லேசாகக் கீறிவிட்டு உருளை ஓட்டுங்கள், மண்ணோடு விதை ஒட்டினால் சரி.

பச்சை தெரிந்ததும் திறந்துவிடுவது

உறுப்பினர்கள் நச்சரிக்கத்தான் செய்வார்கள். தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாக இருக்கும், ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் வேரோடு கையில் வரும். ஓடுதண்டு பின்னிக்கொள்ள 2, 3 மாதம் ஆகும், அதுவரை செயற்கைப்புல் விரிப்பிலேயே அடிக்கட்டும். திறந்தபிறகும் மட்டையால் இஷ்டத்துக்கு அங்கங்கே புல்லைப் பெயர்க்க விடாதீர்கள். முந்தின வெட்டுக்கு நேர் பின்னால் அடுத்த பந்தை வைத்து ஒரே கோடாக அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு கையகலம் புல் நின்றால் இரு பக்கமிருந்தும் தண்டு ஓடி வெட்டுப்பட்ட கோட்டை மூடிவிடும்.